ஓலையிலிருந்து ஒளித்திரைக்கு

ஓலைச்சுவடியில் கண்ணைப் பறிக்கும் விளம்பரம் ஏதுமில்லை. ஆயினும் அதனைப் படிப்பது எளிதாக இருந்ததில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. செய்யுளடிகளும் உரைநடைபோலத் தொடர்ந்தோடும். பல சுவடிகளில் மூலமும் உரையும் மேற்கோளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. எது நூலாசிரியர் வாக்கு, எது பிறர் வாக்கு எனப் பிரித்தறிவதே பெரும் புலமையாயிற்று.

அச்சுக்கலை வேரூன்றிய பின் இந்நிலை மாறியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்குறக் கையாண்ட முன்னோடியருள் ஒருவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் மூலத்தையும் உரையையும் தெளிவுறப் பிரித்து நிறுத்தினார். அவர் செய்த மற்றொன்றும் நினைக்கத்தக்கது. ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்தபோது, ஏனைய பாடங்களை மறைத்துவிடாமல் பாடபேதமாகக் காட்டினார். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்துப் பழம்பாடல்களைப் பொதுமக்களுக்கு எளிதாக்கின. சந்தி பிரித்தால் ஓசை சிதையும் என்பதும் உண்மையே.

கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ போன்ற நாளேடுகளிலும் விளம்பரங்கள் உண்டு. ஆனால் அச்சிட்ட விளம்பரம் தன் கட்டத்தைவிட்டு நகராது. அந்நாளேடு 2019-இல் நின்றுவிட்டது. இன்று செராஸ் அடுக்குமாடி வீடொன்றில் மாணவன் ஒருவன் கைப்பேசியில் கட்டுரையைத் திறந்தால், விளம்பரம் வரிகளின் மீதே வந்து படிகிறது. கேளாமலே காணொளி பேசத் தொடங்குகிறது. பத்திக்குப் பத்தி வேறு செய்திகளுக்கான இணைப்புகள் குறுக்கிடுகின்றன. படித்த வரியைத் தேடுவதற்குள் பொருள் கலைந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக 2009-இல் நியூயார்க்கின் ஆர்க்90 நிறுவனம் ‘ரீடபிலிட்டி’ என்னும் சிறு நிரலை வெளியிட்டது. 2010-இல் சஃபாரி உலாவியில் வந்த ‘ரீடர்’ வசதி அந்நிரலைப் பயன்படுத்தியது. பின்னர் பயர்பாக்ஸ் முதலியனவும் இத்தகைய வாசிப்புத் தோற்றத்தை அளித்தன. அது இயங்கும் முறை தமிழாசிரியர்க்குச் சுவை தரும். பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நிரல் மதிப்பெண் இடுகிறது. பத்தி நீண்டிருந்தால் மதிப்பெண் கூடும். இணைப்புகள் மலிந்திருந்தால் குறையும். காற்புள்ளிகளையும் அது எண்ணுகிறது! ஓலையில் இல்லாது அச்சோடு பரவிய அச்சிறு குறி, உரைநடை எங்கே உள்ளது என்று பொறிக்குக் காட்டும் சான்றாகிவிட்டது.

உரைநடைக்கு நன்மை செய்யும் இவ்வளவுகோல் செய்யுளுக்குப் பொருந்துவதில்லை. இருபத்தைந்து எழுத்துருக்களுக்குக் குறைந்த பத்தியை அந்நிரல் கணக்கில் கொள்வதில்லை. எனவே ஓரடிக்கு ஒரு பத்தியாக இட்ட குறும்பாடல், வேண்டாப் பொருளோடு சேர்ந்து ஒதுக்கப்படவும் கூடும். சாமிநாதையரைப்போல, விலக்கியது இன்னது என்று அடிக்குறிப்பிடும் வழக்கமும் பொறிக்கு இல்லை.

அம்மாணவன் வகுப்பறைக்குக் கொண்டுவரும் தெளிந்த பக்கத்தில் சில வேளை கட்டுரையாளர் பெயரும் வெளிவந்த நாளும் விடுபட்டிருக்கும். அப்போது ஆசிரியர் அவனை மூலப்பக்கத்தை மீண்டும் திறக்கச் சொல்கிறார். விளம்பரங்களுக்கு நடுவே அப்பெயர் அங்கேயே இருக்கிறது.