ஒரு வண்ணத்துப்பூச்சியும் பத்துச் சிற்றினங்களும்: டி.என்.ஏ. வகைப்பாட்டின் தொடக்க வரலாறு

உயிரினங்களைப் புறவடிவால் வகைப்படுத்தும் முறையை 18ஆம் நூற்றாண்டில் லின்னேயசு நிலைநிறுத்தினார். 2003இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்துப் பால் ஹீபெர்ட் குழுவினர், விலங்குகளை இனங்காண இழைமணியிலுள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 இணைகள் கொண்ட துண்டே போதும் என முன்மொழிந்தனர்.

மறு ஆண்டே ஹீபெர்ட், டேனியல் ஜான்சென் முதலியோர், கோஸ்டாரிக்காவில் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜரேட்டர் என்னும் வண்ணத்துப்பூச்சி உண்மையில் பத்துச் சிற்றினங்கள் என அறிவித்தனர். அம்முடிவு டி.என்.ஏ.வை மட்டும் சார்ந்ததன்று. கம்பளிப்புழுக்களின் நிறவேறுபாடும் அவை உண்ட தாவரங்களும் உடன் சான்றாயின. எனினும் 2006இல் ஆண்ட்ரூ பிரோவர் அத்தரவுகளை மறு ஆய்வுக்கு உட்படுத்தி, பத்து என்னும் எண்ணிக்கைக்கு அவை போதா என வாதிட்டார்.

ஆகவே, மரபணுத் துண்டு முன்பே பெயர்பெற்ற உயிரியை இனங்காண உதவுவது ஒன்று. புதிய சிற்றினத்தை நிறுவுவது வேறொன்று. பின்னதற்குக் கள ஆய்வும் அருங்காட்சியக மாதிரிகளும் இன்றும் இன்றியமையாதனவே.