ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கூலி

சிங்கப்பூரில் வீடு வாங்குபவர் பலரும் முதலில் நாடுவது சொத்து முகவரை. "நல்ல லாயர் யாரையாவது தெரியுமா?" என்று அவரிடமே கேட்பார்கள். அவரும் ஒரு பெயரைச் சொல்வார். அதில் குற்றமில்லை. பெயர் சொன்னதற்காக வழக்குரைஞரிடம் பணம் கைமாறும்போதுதான் சிக்கல்.

வழக்குரைஞர் தொழில் சட்டத்தின் 83ஆம் பிரிவு இதை ஒளிவுமறைவின்றித் தடுக்கிறது. வேலை பிடித்துத் தருபவருக்குச் சன்மானம் கொடுக்கும் வழக்குரைஞர் தொழிலிலிருந்தே நீக்கப்படலாம். இருந்தும் வழக்கம் ஓயவில்லை. 2003ல் சொத்துப் பரிமாற்றத்துக்கான நிர்ணயக் கட்டணம் போனதும் போட்டி கடுமையானது. குறைத்த கட்டணத்திலும் முகவருக்கு ஒரு பங்கு என்றால், பத்திரத்தை ஒழுங்காகப் புரட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் மிஞ்சும்? நட்டம் வாங்குபவருக்கு. ஆனால், அவருக்குத்தான் விஷயமே தெரியாது!

பிறகு துப்பறிவாளர்கள் வந்தார்கள். வீட்டு முகவர் வேடத்தில் வழக்குரைஞர் அலுவலகங்களில் நுழைந்து பேரம் பேசினார்கள். சிக்கியவர்கள், "இது பொறி வைத்துப் பிடித்த சான்று, செல்லாது" என்று வாதாடினார்கள். உயர் நீதிமன்றம் 2006லும் 2007லும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வீட்டுத் தரகில் தொடங்கிய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொறி வைத்துப் பெறும் சான்று பற்றிய முக்கிய முன்னுதாரணமாகிவிட்டது.

முகவர்களுக்கான கடிவாளம் 2010ல் வந்தது. சொத்து முகவைகள் சட்டம் இயற்றப்பட்டு, மன்றமும் அமைந்தது. ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் முகவராக இருக்க முடியாது. வாடிக்கையாளரை உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் அனுப்பிவைப்பதற்கும் தடை. முகவர் சொன்ன வழக்குரைஞரைத்தான் அமர்த்தவேண்டும் என்ற கட்டாயமோ வீடு வாங்குபவருக்கு என்றுமே இருந்ததில்லை.