காற்றும் ஒரு சரக்கே

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் சிறிது நேரம் நின்றவருக்குப் பஞ்சுத் தூசியைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. எந்திரங்களின் மேலும், மின்விசிறி இறக்கைகளிலும், உழைப்பவரின் இமைகளிலும் அது படிந்திருக்கும். ஆயினும் சன்னலைத் திறந்தால் வெளிக்காற்று வரும் என்ற ஆறுதல் அங்கே உண்டு. திறப்பதற்குச் சன்னலே இல்லாத கூடத்தில் மனிதன் எவ்வாறு மூச்சுவிடுவான்? விண்வெளி நிலையங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே.

முதற்பாடம் மூன்று உயிர்களை விலையாகக் கொண்டது. சல்யூத் 1 நிலையத்தில் தங்கிவிட்டு, சோயுஸ் 11 கலத்தில் திரும்பிய சோவியத் வீரர் மூவரும் 1971 ஜூன் 30 அன்று மாண்டனர். வழியில் ஒரு வால்வு திறந்துகொள்ள, கலத்தின் காற்று முழுவதும் வெளியேறிவிட்டது.

1978 ஜனவரியில் புரோகிரஸ் 1 என்னும் ஆளில்லாச் சரக்குக் கலம் சல்யூத் 6 நிலையத்தை அடைந்தது. எரிபொருள், உணவு, உதிரிபாகங்கள் ஆகியவற்றோடு உயிர்வளியும் அதில் சென்றது. காற்றும் சரக்காயிற்று! 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா தங்கிய சல்யூத் 7 நிலையமும் இத்தகைய கலங்களின் துணையால் இயங்கியதே. 1997 பிப்ரவரியில் மீர் நிலையத்தில் உயிர்வளி தரும் உருளையே தீப்பற்றியபோது, அங்கிருந்த அறுவரும் முகமூடி அணிந்து உயிர் காத்தனர்.

2000 நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், நீரை மின்சாரத்தால் பிரித்து உயிர்வளி பெறுகின்றனர். கரியமில வாயுவைக் கருவிகள் அகற்றுகின்றன. அங்கும் பஞ்சுத் தூசி உண்டு என்பதை நம்மவர் அறிந்தால் வியப்பர். எடையற்ற நிலையில் அது தரையில் படியாது. மிதந்து சென்று காற்றுத் துளைகளை அடைக்கும். சலவைக்கு வழியில்லாததால், உடுத்திய பனியன்கள் காலிச் சரக்குக் கலத்தோடு வளிமண்டலத்தில் எரிந்துபோகும். அவற்றிலிருந்து உதிர்ந்த இழைகளையோ வீரர்களே தவறாமல் உறிஞ்சு கருவியால் அகற்றுகின்றனர்.

சணல், ஆளி நார்த் தூசி தொழிலாளரின் மார்பைக் கெடுப்பதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதினார். பஞ்சாலைத் தூசியால் வரும் நெஞ்சிறுக்க நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயரும் உண்டு. விண்ணில் வடிகட்டி பழுதானால் மாற்று வடிகட்டி கலமேறி வரும். நூற்பாலையில் வடிகட்டி இல்லையென்றால் தொழிலாளியின் நுரையீரலே வடிகட்டியாகிறது. அதற்கு மாற்றுக் கொண்டுவரும் கலம் எதுவுமில்லை.