கோர்ட் கொடுத்த கணவன்

இப்படி ஒரு கதையை நான் எழுதி அனுப்பினால், "நம்பும்படியாக இல்லையே, ஸார்!" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் டாக்கா கோர்ட் நம்பியது. கல்கத்தா ஹைகோர்ட் நம்பியது. லண்டன் பிரிவி கௌன்ஸிலும் அதை மாற்றவில்லை. பவால் சன்னியாசி வழக்கைத்தான் சொல்கிறேன்.

டாக்காவுக்குப் பக்கத்தில் பவால் என்று ஒரு பெரிய ஜமீன். அதன் இரண்டாவது குமாரர் ரமேந்திர நாராயண ராய், வேட்டையிலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்தவர். 1909-ஆம் வருஷம் மே மாதம் டார்ஜிலிங்கில் காலமானார். மனைவி விபாவதி தேவியும் அவளுடைய சகோதரரும் கூட இருந்தார்கள். தகனமும் நடந்துவிட்டது என்றார்கள்.

ஏறக்குறையப் பன்னிரண்டு வருஷம் கழித்து டாக்கா ஆற்றங்கரையில் ஒரு சடாமுடிச் சாமியார் வந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். குமாரரின் சகோதரி, "என் சகோதரன்தான்" என்று விட்டாள். சுடுகாட்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதாம். தூக்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று திரும்பி வந்தால் பிரேதத்தைக் காணோமாம். நாகா சன்னியாசிகள் எடுத்துப் போய்ப் பிழைக்க வைத்தார்களாம். பழைய ஞாபகம் மட்டும் போய்விட்டதாம்.

ஜமீனை நிர்வகித்து வந்த சர்க்கார், இவர் போலி என்று 1921-இல் அறிவித்தது. 1930-இல் சாமியார் வழக்குப் போட்டார். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகள்! அந்த இரவு டார்ஜிலிங்கில் மழை பெய்ததா, காலில் செதில் இருந்ததா என்றெல்லாம் விசாரணை. இறந்தவர் இங்கிலீஷ் படித்த கனவான், இந்த ஆசாமிக்கோ ஒன்றும் தெரியாது என்றது எதிர்த் தரப்பு. குமாரருக்கும் ஒன்றும் தெரியாது என்று சாமியாரின் வக்கீல்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. தன்னை மூடன் என்று ருசுப்படுத்தி ஒருவர் சொத்தை ஜயித்தது வேறு எங்காவது உண்டோ, தெரியாது.

1936 ஆகஸ்டில் நீதிபதி பன்னாலால் பாஸு, இவர்தான் குமாரர் என்று தீர்ப்பளித்தார். அவர் உழைப்பில் குறை சொல்ல நான் யார்? ஆனால் என் மனம் விபாவதியையே சுற்றுகிறது. "இவர் என் புருஷர் இல்லை" என்று அவள் கடைசி வரையில் சொன்னாள். சகோதரர் ஆட்டி வைத்தபடி ஆடுகிறாள் என்று அவள் வார்த்தை ஒதுக்கப்பட்டது. இருக்கலாம், குமாரரின் பேரில் வந்த இன்ஷ்யூரன்ஸ் பணம் சகோதரர் கைக்குத்தான் போயிற்று. ஆயினும் கூட வாழ்ந்தவளின் ஒரு சொல்லை எந்தத் தராசில் நிறுப்பது? சாட்சிகளில் எத்தனையோ பேர் குமாரரைத் தூரத்தில் யானைமேல் பார்த்த குடியானவர்கள்தானே?

1940-இல் ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் சாமியார் பக்கம். விபாவதி லண்டனுக்கு அப்பீல் செய்தாள். இரண்டு கோர்ட்டுகள் ஒத்துக்கொண்ட சங்கதியில் தலையிடுவதில்லை என்று பிரிவி கௌன்ஸில் 1946 ஜூலை 30-ஆம் தேதி தள்ளிவிட்டது. அந்த விதிக்காக இன்றும் வக்கீல்கள் இவ்வழக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். தலைப்பில் மனைவி அப்பீல் செய்தவர், கணவன் எதிர்த் தரப்பு.

ஜயித்தவர் காளி கோயிலுக்குப் போனார். சில நாட்களுக்குள் இறந்தும் போனார். தெய்வம் கொடுத்த தண்டனை என்று விபாவதி நினைத்தாளாம். ஜமீன் முறையே 1950-இல் கிழக்கு வங்காளத்தில் ஒழிந்தது.

சட்டப்படி பார்த்தால், முப்பத்தேழு வருஷம் சுமங்கலியாக இருந்துவிட்டு 1946 ஆகஸ்டில்தான் அந்த அம்மாள் விதவையானாள். அவள் கணக்கில் அது 1909-இலேயே முடிந்த விஷயம்.