கணக்கு காட்டலையா? குடத்துல பேர் கிடையாது!

2024இல் நம்ம திருவண்ணாமலை மாநகராட்சியாச்சு. சுத்தியிருக்கிற ஊராட்சிகள் சிலதும் அதுக்குள்ள. வரி ஏறுமேன்னு எல்லாரும் பேசினாங்க. நான் யோசிச்சது கிராம சபையை. அங்க யார் வேணும்னாலும் எழுந்து வரவு செலவு கேட்கலாம். மாநகராட்சியில கிராம சபையே கிடையாது.

வந்தவாசி தாண்டினா உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. ஊரை 30 குடும்பாகப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்க வச்சாங்க. 'முதல் ஜனநாயகம்'னு உடனே பெருமைப்படாதீங்க. அது பிராமணர் சபை. சொந்த மனையும் கால்வேலி நிலமும் வேதப் படிப்பும் வேணும். உழுதவங்களுக்கு இடமில்ல. ஆனா ஒரு விதி அசத்தல்: வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவர் பேர் மட்டுமில்ல, அவரோட நெருங்கிய சொந்தக்காரங்க பேரும் குடத்துக்குள்ள போகாது.