வாய் திறந்திருக்கும், பேச முடியாது: பல் நாற்காலியில் டென்ஷனை அளந்த கதை



பி.காம் படிக்கிற ஆளுக்குப் பல் டாக்டர் விஷயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பாடத்தில் குட்வில் என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனாலும் பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு ஒரு தொகை போட்டாக வேண்டும். பல் நாற்காலியில் படுத்திருப்பவரின் பயமும் அந்த ஜாதிதான். அதற்கு எண் போட மனிதர்கள் நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் எண்ணே கிடையாது. நோயாளி கத்தினால் வலி, கத்தாவிட்டால் வலி இல்லை. அவ்வளவுதான் கணக்கு! இந்தக் கணக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே கவிழ்த்திருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்று ஒரு பல் மருத்துவர். 1844 டிசம்பரில் சிரிப்பு வாயுவை வைத்து நடந்த ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டதுகூடத் தெரியாமல் இருந்ததைப் பார்த்தார். மறுநாளே அதே வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. 1845 ஜனவரியில் பாஸ்டனுக்குப் போய் மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்து காட்டினார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி சத்தம் போட்டுவிட்டார். உடனே 'ஏமாற்று வேலை' என்று கேலி செய்தார்கள். இதில் வேதனை என்ன தெரியுமா? கத்தினேனே தவிர வலி அவ்வளவாகத் தெரியவில்லை என்று அந்த நோயாளி பிறகு சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவரிடம் கேட்ட பிறகு தீர்ப்பு சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை. வெல்ஸ் அந்த அவமானத்திலிருந்து மீளவே இல்லை, 1848ல் தற்கொலை செய்துகொண்டார்.

அதே பாஸ்டனில் ஐம்பது வருஷம் கழித்துத்தான் எண்கள் உள்ளே வருகின்றன. ஹார்வி குஷிங் மருத்துவ மாணவராக இருந்தபோது அவர் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். அது அவரை உலுக்கிவிட்டது. அவரும் நண்பர் காட்மனும் 1890களின் நடுவில், அறுவை நடக்கும்போதே நாடித்துடிப்பை விடாமல் ஒரு தாளில் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். 1901ல் குஷிங் இத்தாலி போனபோது, ரிவா-ரோச்சி 1896ல் வெளியிட்ட கைப்பட்டை பி.பி. கருவியைப் பார்த்து அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் சுற்றுகிறார்களே, அதன் தாத்தா அது.

ஆனால் குஷிங் குறித்துவைத்தது மயங்கிக் கிடப்பவரின் நாடியை. பல் நாற்காலியில் இருப்பவர் முழித்துக்கொண்டு இருப்பவர். 1884ல் கார்ல் கொல்லர் கோகைன் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். சீக்கிரமே ஹால்ஸ்டெட் அதைத் தாடை நரம்பில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 1904ல் ஐன்ஹார்ன் புரோகைன் கண்டுபிடித்தார், 1940களில் லிக்னோகைன் வந்தது. வலி போனது. பயம் போகவில்லை. ட்ரில் சத்தம் கேட்கும், மருந்து வாடை வரும், தாடையைப் பிடித்து இழுப்பது தெரியும். வாய் முழுக்கப் பஞ்சு, 'டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க' என்று சொல்லக்கூட வழியில்லை. வாய் பேசாவிட்டால் என்ன, உடம்பைக் கேட்போம் என்று ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள்.

உடம்பு பேசத்தான் செய்கிறது. ஆனால் எக்கச்சக்கமாக உளறுகிறது!

நாடித்துடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலினும் கலந்திருக்கும். 1903ல் ஹைன்ரிச் பிரவுன் சொன்ன யோசனை. ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து அங்கேயே நிற்கும், ரத்தமும் குறைவாக வரும். வழக்கமான 1:1,00,000 கலவையில் ஒரு மில்லிக்கு 0.01 மில்லிகிராம்தான். ஆனால் அட்ரினலின் என்பது நாம் பயந்தால் நம் உடம்பே சுரக்கிற அதே பொருள் அல்லவா? ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கிறது. அது பயமா, மருந்தா? மானிட்டரில் 110 என்று காட்டினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இரண்டு பேர் போட்ட பணம் ஒரே பெட்டியில் கிடக்கிற மாதிரி. இது வெறும் குழப்பம் மட்டும் இல்லை. இதய நோயாளிக்கு ஒரு தடவையில் 0.04 மில்லிகிராமுக்கு மேல் அட்ரினலின் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சரியாக மரத்துப்போகாமல் வலித்தாலோ, பயந்து நடுங்கினாலோ அவர் உடம்பே அட்ரினலினைக் கொட்டும். ஆகவே அவருக்குப் பயத்தை அளப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து வியர்வை. பதற்றத்தில் தோலின் மின் தடை மாறுகிறது என்பதை 1888லேயே பிரான்சில் ஃபெரே காட்டிவிட்டார். பொய் கண்டறியும் கருவியில் இருக்கிற அதே சங்கதிதான். உள்ளங்கை ஈரமாகும், ஊசி முள் ஆடும். ஆனால் அது பயத்துக்கும் ஆடும், திடீர்ச் சத்தத்துக்கும் ஆடும்.

பிறகு வந்தது கார்டிசால் என்கிற ஹார்மோன். ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் ரத்தம் எடுக்க ஊசி குத்த வேண்டும். ஊசிக்குப் பயப்படுகிறவரின் பயத்தை அளக்க இன்னொரு ஊசி! (என்ன கொடுமை இது.) அதனால் எச்சிலில் பார்க்கும் முறை பிரபலமானது. ஞானப்பல் அறுவை சிகிச்சையை வைத்து நிறைய ஆய்வுகள் இப்படி நடந்திருக்கின்றன. அதிலும் சிக்கல். கார்டிசால் காலையில் தானாகவே ஏறி இருக்கும், மாலையில் இறங்கும். பயந்த நொடியில் ஏறாது, உச்சத்துக்குப் போக 20, 30 நிமிஷம் ஆகும். டாக்டர் பல்லைப் பிடுங்கித் தையல் போடும் நேரத்தில், ஊசி போட்டபோது வந்த பயம் அங்கே வரவு வைக்கப்படும். போதாக்குறைக்கு, பல் பிடுங்கிய வாயில் எச்சிலோடு ரத்தமும் கலந்தால் எண்ணே தப்பாகிவிடும்.

இவ்வளவு கருவிகளுக்கு நடுவில் ஜெயித்தது எது தெரியுமா? ஒரு துண்டுக் காகிதம்!

நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர். இவரும் முதலில் தோலின் மின் தடையைத்தான் அளந்துகொண்டிருந்தார். 1969ல் நான்கே கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போகணும் என்றால் எப்படி இருக்கும்? வெளியே காத்திருக்கும்போது? நாற்காலியில் உட்கார்ந்து அவர் ட்ரில்லைத் தயார் செய்யும்போது? பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவிகளை எடுக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள். மொத்தம் 4 முதல் 20 வரை. கரண்ட் வேண்டாம், லேப் வேண்டாம். 1845ல் பாஸ்டனில் யாரும் செய்யாததை இந்தத் தாள் செய்தது: நோயாளியைக் கேட்டது. அதுவும் வாய் அடைபடுவதற்கு முன்னாலேயே கேட்டது.

அந்தத் தாளிலும் ஒரு ஓட்டை. நான்கு கேள்வியில் ஊசியைப் பற்றி ஒன்றுமே இல்லை! எல்லோரும் முதலில் சொல்வதே அதைத்தானே? பிரிட்டனில் ஹம்ஃப்ரிஸும் அவருடைய சகாக்களும் 1995ல்தான் ஐந்தாவது கேள்வியாக ஊசியைச் சேர்த்தார்கள். இப்போது 5 முதல் 25 வரை, 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம்.

பயத்தைப் பற்றிக் கேட்டால் பயம் கூடிவிடாதா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. ஹம்ஃப்ரிஸ் குழு அதையும் சோதித்தது, கூடவில்லை. 2002ல் வெளியான அவர்களின் இன்னொரு ஆய்வில் எல்லா நோயாளிகளும் தாளை நிரப்பினார்கள். ஆனால் ஒரு பகுதியினர் மட்டுமே அதை டாக்டர் கையில் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து பார்த்தபோது, கொடுத்தவர்களுக்கே பதற்றம் அதிகமாகக் குறைந்திருந்தது.