வாழையைப் படிக்க நெல்லோட சிப்

இந்த எபிசோட்ல திருச்சி வாழைப்பழத்தோட மரபணுக் கதைய பார்க்கப்போறோம்.

ஸ்ரீரங்கத்துல தேங்காயோட சேர்த்துத் தர்ற பூவன் பழத்த உரிச்சா விதை இருக்காது. அதனாலதான் நிம்மதியா சாப்பிடுறோம். ஆனா சிக்கலும் அங்கதான். பக்கக்கன்ன வெட்டி நட்டே தலைமுறை தலைமுறையா வளர்க்குறோம். ஒரே ரகம் போட்ட தோப்புல எல்லா மரமும் ஏறக்குறைய ஒண்ணோட நகல். ஒரு மரம் நோய் தாங்கலன்னா பக்கத்து மரமும் தாங்காது.

உலகம் இத ஏற்கெனவே பார்த்திருக்கு. ஏற்றுமதிச் சந்தைய ஆண்ட க்ரோ மிஷெல் ரகம், 1950கள்லயும் 60கள்லயும் வாடல் நோயால அந்த இடத்த இழந்தது. கேவண்டிஷ் அங்க வந்து உட்கார்ந்தது. நம்ம ரஸ்தாளியும் அந்த வாடல் நோய்க்குச் சுலபமா ஆளாகுற ரகம்தான்.

1955ல சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட்னு ரெண்டு பேர், செடியோட 15 அடையாளங்கள வச்சு வாழைக்கு வம்சாவளி போட்டாங்க. அக்யுமினேட்டா, பால்பிசியானான்னு ரெண்டு காட்டு வாழைங்க. முதலாவது ‘ஏ’, அடுத்தது ‘பி’. பூவனும் ரஸ்தாளியும் ஏஏபி, மொந்தன் ஏபிபி. அதாவது நம்ம ஊர் ரகங்கள் பலதுல ரெண்டு காட்டு ரத்தமும் ஓடுது.

1993 ஆகஸ்ட்ல தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில ஆரம்பிச்சது. காட்டு வாழை, நாட்டு வாழைன்னு நூற்றுக்கணக்குல சேகரிச்சு, உயிரோட வளர்க்குறாங்க.

இப்போ மைக்ரோஅர்ரே. ஒரு சின்ன சிப் மேல ஆயிரக்கணக்கான மரபணுத் துண்டுகள் பொட்டுப் பொட்டா இருக்கும். செடியோட ஆர்என்ஏவுலேர்ந்து தயாரிச்ச மாதிரிக்குச் சாயம் ஏத்தி அதுமேல விட்டா, வேலை செய்யுற மரபணுவோட பொட்டு மினுங்கும். பிரச்சினை என்னன்னா, சிப் செய்ய மரபணு வரிசை தெரியணும். அப்போ நெல்லுக்குத் தெரிஞ்சிருந்தது, வாழைக்குத் தெரியல. 2009ல பெல்ஜியம், பிரிட்டன் ஆய்வாளர்கள் நெல்லோட சிப்பையே எடுத்து, வறட்சியில வாழை என்ன செய்யுதுன்னு பார்த்தாங்க. ரெண்டும் ஒருவித்திலைத் தாவரம், தூரத்துச் சொந்தம். கடன் வாங்கின கண்ணாடி மாதிரிதான், ஆனாலும் கொஞ்சம் தெரிஞ்சது.

2012ல பிரான்ஸ் தலைமையிலான குழு வாழையோட மரபணுத் தொகுப்ப வெளியிட்டது. சுமார் 36,500 மரபணுக்கள். ஆனா படிச்சது பஹாங்ங்குற ‘ஏ’ வகை வாழைய. நம்ம பூவன்ல இருக்குற ‘பி’ பங்குக்கு முழுமையான வரிசை 2019லதான் வந்தது.

இதுலேர்ந்து எனக்குப் படுறது ஒண்ணுதான். யாரோட தோட்டத்துச் செடியப் படிக்குறாங்களோ, அவங்க கேள்விக்குத்தான் முதல்ல பதில் கிடைக்கும். நோய் தாங்குற மரபணு எங்கேயோ ஒரு காட்டு வாழையில இருக்கலாம். அத எடுத்துச் சோதிக்க அந்தச் செடி உயிரோட இருக்கணும். கம்ப்யூட்டர்ல இருக்குற வரிசையிலேர்ந்து கன்னு முளைக்காது. திருச்சியில அந்தச் செடிகள வச்சுக் காப்பாத்துறதோட அவசியம் இதுதான்.

அடுத்த தடவ பழம் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட ரகத்தோட பேரக் கேட்டு வாங்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.